1958 தங்கம் யாருடையது? சென்ற்றல்காரர் வந்து பதில் சொல்லட்டும்

சுண்டிக்குளிச் சந்தி:
எல்லா வாட்ஸப் குழுவிலும் ஒரே படம் சுற்றுகிறது. பழைய மைதானப் படம் ஒன்றைப் போட்டு, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் பெற்றுத் தந்த அரசுப் பள்ளிக்கூடம் யாழ் மத்திய கல்லூரி (அதுதான் சென்ற்றல்), தோற்றம் 1816 என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கும்பிடும் கைகள். இவ்வளவு நாளும் பொறுத்தேன். இன்றைக்கு என் சொந்த மச்சானே அனுப்பிவிட்டான், இனிப் பொறுக்க ஏலாது.

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் பெரிய மனிதர், அதில் சண்டையே இல்லை. 1958 டோக்கியோவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர், தங்கம், இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் அதுதான் முதல் தங்கம். எல்லாம் சரி. ஆனால் 1958ல் அவர் எங்கே இருந்தார்? லொஸ் ஏஞ்சலிஸில். யூ.சி.எல்.ஏ.வில் படித்துக்கொண்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்காகப் பாய்ந்துகொண்டிருந்தார். யாழ் கோட்டைக்கு முன்னால் உள்ள முற்றவெளியில் இருந்து நேரே டோக்கியோவுக்கு பஸ் ஏறிப் போனவர் மாதிரி இங்கே படம் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வருடக்கணக்கானபின் அமெரிக்காவில் பயிற்சி எடுத்து வாங்கிய பதக்கத்துக்கு இங்கே பட்டாசு.

முற்றவெளிக்காரன்:
வந்துவிட்டார் சென்ஜோன்ஸ் சந்தி அண்ணை. சென்ற்றலுக்கும் சென்ஜோன்ஸுக்கும் கிரிக்கெட் மச் நடக்கும் மார்ச் மாதம் கிட்ட வந்தால் இவருக்கு ஏதோ செய்யும்.

ஒரே கேள்வி கேட்கிறேன், சுற்றிவளைக்காமல் பதில் சொல்லுங்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு அவர் போனபோது எங்கே படித்துக்கொண்டிருந்தார்? வயது பதினேழு. சென்ற்றல் மாணவன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் ஒலிம்பிக்கில் பாய்ந்திருக்கிறான். அந்தப் பாய்ச்சலை யார் பழக்கியது, யூ.சி.எல்.ஏ.யா? பாயத் தெரிந்த பெடியனைத்தானே அமெரிக்கன் கூப்பிட்டான்.

சுண்டிக்குளிச் சந்தி:
நான் 1952ஐப் பற்றிப் பேசவில்லை. ஹெல்சிங்கியில் பதக்கம் உண்டா? இல்லை. பதக்கம் 1958ல். 1958ல் அவர் யூ.சி.எல்.ஏ. இதில் எந்தச் சொல் விளங்கவில்லை?

முற்றவெளிக்காரன்:
டங்கன் வைற் 1948 லண்டனில் 400 மீற்றர் தடையோட்டத்தில் வெள்ளி வாங்கும்போது அவருக்கு முப்பது வயது. கண்டி ற்றினிற்றி அவரைத் தன் பிள்ளை என்றுதான் இன்றும் சொல்லுகிறது. நீங்கள் போய் அங்கே கேட்டீர்களா, 1948ல் அவர் எந்த வகுப்பில் இருந்தார் என்று? முரளி 800 விக்கெட் எடுக்கும்போது கட்டுகஸ்தோட்டை சென் அந்தனிஸில் சீருடை போட்டுக்கொண்டா இருந்தார்? ஊருலகமெல்லாம் பள்ளிக்கூடம் தன் பிள்ளையைக் கொண்டாடலாம், சென்ற்றல் மட்டும் அத்தாட்சிப் பத்திரம் காட்ட வேண்டும்.

கொழும்பு ஆறு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். படத்தில் இன்னொரு சிக்கலை இரண்டு பேருமே பார்க்கவில்லை. அவர் படித்த காலத்தில் சென்ற்றல் அரசுப் பள்ளிக்கூடமே இல்லை. மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடம், அரசாங்க உதவி பெற்றது, அவ்வளவுதான். உதவிபெறும் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1960ல். ஆகவே 1952 என்றாலும் 1958 என்றாலும் “அரசுப் பள்ளிக்கூடத்துத் தங்கம்” சரிவராது.

முற்றவெளிக்காரன்:
கொழும்பு ஆறு, உங்களை யார் கூப்பிட்டது? போன முறை நாவலர் விவாதத்திலும் நடுவில் வந்து புள்ளிவைத்துவிட்டு ஓடியவர் நீங்கள்.

சரி, கேளுங்கள். 1960ல் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் ஒரு முடிவெடுக்க வேண்டி வந்தது. அரசாங்கத்தோடு போவதா, உதவிப்பணம் இல்லாமல் தனியாக நிற்பதா. சென்ஜோன்ஸ், பற்றிக்ஸ், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி எல்லாம் தனியாக நின்றன. சென்ற்றலும் வேம்படியும் பருத்தித்துறை ஹாட்லியும் அரசாங்கத்துக்குப் போயின. அதற்குப் பிறகு சென்ற்றலுக்கு வந்த பிள்ளைகள் யார்? கடற்கரைப் பிள்ளைகள், கடை வைத்திருப்பவரின் பிள்ளைகள், தகப்பன் இல்லாத பிள்ளைகள். வசதிக்கட்டணம், நன்கொடை என்று வாங்கி மைதானம் வெட்டிய பள்ளிக்கூடம் இல்லை எங்களுடையது. அப்படி இருந்தும் மைதானத்தில் நின்றார்கள். அதுவும் எந்த மைதானம்? கோட்டைக்கு முன்னால். 1990ல் கோட்டை முற்றுகை நடந்தபோது அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க இடிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்களா, இல்லை எல்லாரும் கூகிளில் பார்த்த ஆட்களா? கூப்பிடு தூரத்தில் 1981ல் நூலகம் எரிந்தது. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறதே, அங்கே இருந்து விளையாட்டுக்காரன் வருகிறானே, அதைப் பார்க்காமல் 1958ல் அவர் எந்தக் கட்டிலில் படுத்தார் என்று ஆராய்ச்சி.

சுண்டிக்குளிச் சந்தி:
அழுகையெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் 1958ல் அவர் யூ.சி.எல்.ஏ.

ஸ்காபரோ மாமா:
தம்பிமார், அவர் 2024 ஏப்ரலில்தான் காலமானார். எண்பத்தொன்பது வயது. உயிரோடு இருந்தபோது அவரை எத்தனை பேர் தேடிப் போய்க் கதைத்தீர்கள்? பதக்கம் வாங்கியதோடு நின்ற ஆளும் இல்லை. கோர்னெலில் கலாநிதிப் பட்டம் எடுத்து, பிறகு ஆபிரிக்காவில் போய்ப் படிப்பித்தவர். அதைப்பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை, எந்தப் பள்ளிக்கூடம் என்று மட்டும் இழுபறி.

அப்புறம் 2.03 என்று எழுதாதீர்கள், ஆறடி எட்டங்குலம் என்று எழுதுங்கள். எங்கள் காலத்தில் அப்படித்தான் சொன்னோம். இப்போதுபோல மெத்தையில் விழுகிற பாய்ச்சலா அது? மணலில் விழ வேண்டும். முதுகைக் காட்டிப் பாயலாம் என்று பொஸ்பரி வந்து காட்டியதே 1968 மெக்சிக்கோவில்தான். அதற்குப் பத்து வருடம் முந்திய ஆறடி எட்டு இது.

முற்றவெளிக்காரன்:
மாமா சொன்னது நூற்றுக்கு நூறு. மணலில் பாயப் பழகியது எங்கே? யாழ்ப்பாணத்து மணலில். அந்த மணல் அமெரிக்காவில் இருந்து கப்பலில் வரவில்லை.

சுண்டிக்குளிச் சந்தி:
மாமா அப்படிச் சொல்லவே இல்லை. மாமா சொல்லாததை மாமாவின் வாயில் போடாதீர்கள்.

ஸ்காபரோ மாமா:
நான் மணல் என்றுதான் சொன்னேன். எந்த ஊர் மணல் என்று சொல்லவில்லை.

பருத்தித்துறை வடை:
கோட்டை வாசலில் இரண்டு பள்ளிக்கூடமும் அடிபட்டுச் சாகுங்கள். மெய்வல்லுநர் என்று வந்தால் குண்டும் தட்டும் எங்களுடையது. அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டில் எறிதல் நிகழ்ச்சிகளுக்கு ஹாட்லிப் பெடியன்கள் வந்து நின்றால் மற்றவர்கள் இரண்டாம் இடத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள். நாங்களும் அரசுப் பள்ளிக்கூடம்தான். ஆனால் எழுபது வருடத்துக்கு முந்திய பதக்கத்தைத் துடைத்துக்கொண்டு இருப்பதில்லை. போன வருடம் யார் எறிந்தான், இந்த வருடம் யார் எறிகிறான் என்று கதைக்கிற ஆட்கள்.

முற்றவெளிக்காரன்:
வடை, ஹாட்லியை 1838ல் தொடக்கியது யார்? பீற்றர் பேர்சிவல் பாதிரியார். பேர்சிவல் எங்கே இருந்தவர்? சென்ற்றலில். ஹாட்லி என்ற பெயர் 1916ல்தான் வந்தது. நீங்கள் எங்கள் கிளை.

பருத்தித்துறை வடை:
கிளையா? அப்படியென்றால் எங்கள் எறிதல் பதக்கங்களையும் உங்கள் படத்தில் போட்டுவிடுங்கள், வெட்கம் எதற்கு? யூ.சி.எல்.ஏ. தங்கத்தையே எடுத்த ஆட்களுக்குப் பருத்தித்துறைத் தங்கம் பெரிய விடயமா.

சுண்டிக்குளிச் சந்தி:
வடை அண்ணை ஒரு வரியில் முடித்துவிட்டார், நன்றி.

ஆண்டுக்கும் வருவோம். 1816 என்று போட்டிருக்கிறார்கள். 1816ல் இருந்தது வெஸ்லியன் ஆங்கிலப் பள்ளி. சென்ற்றல் என்ற பெயரைப் பேர்சிவல் வைத்தது 1834ல். பதினெட்டு வருடம் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆளில்லாத வருடத்தையும் எடுப்பார்கள், ஆள் அமெரிக்காவில் இருந்த வருடத்தையும் எடுப்பார்கள்.

முற்றவெளிக்காரன்:
இதைத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

சென்ஜோன்ஸ் எந்த ஆண்டு? 1823 என்று வாசல் முழுக்க எழுதி வைத்திருக்கிறீர்கள். 1823ல் ஜோசப் நைற் தொடங்கியது நல்லூரில், நல்லூர் ஆங்கில செமினறி. சுண்டிக்குளிக்கு வந்ததே 1841ல். சென்ஜோன்ஸ் என்ற பெயர் 1891ல். உங்கள் கணக்குப்படி பார்த்தால் நீங்கள் பிறந்தது 1891. அறுபத்தெட்டு வருடத்தை முதலில் திருப்பிக் கொடுங்கள், பிறகு எங்கள் பதினெட்டைக் கேளுங்கள்.

சுண்டிக்குளிச் சந்தி:
அது வேறு. எங்களுடையது தொடர்ச்சியான வரலாறு.

முற்றவெளிக்காரன்:
எங்களுடையது என்ன, இடையில் கடையைப் பூட்டிவிட்டு கீரிமலைக்குக் குளிக்கப் போனோமா?

அம்பனை அக்கா:
ஆண்டுச் சண்டை வருமென்று தெரியும். தெல்லிப்பளை யூனியன் கல்லூரியும் 1816 தான். அமெரிக்க மிஷன் தொடங்கியது. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814. அவர்களெல்லாம் பேசாமல் இருக்கிறார்கள், யாழ் நகரத்து இரண்டு பள்ளிக்கூடமும்தான் இந்தப் பாடு.

எனக்கு வேறொன்று கேட்க வேண்டும். மேலே இருந்து கீழே வாசித்துக்கொண்டு வருகிறேன், ஒரு பெண்ணின் பெயர் கூட இல்லை. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைத் திரும்பத் திரும்பத் தானே முறித்தவர் அனித்தா ஜெகதீஸ்வரன். தெல்லிப்பளை மகாஜனாவின் பிள்ளை. 1910ல் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கிய பள்ளிக்கூடம், அதுவும் அரசுப் பள்ளிக்கூடம். எங்கள் பெண்கள் காற்பந்து அணியையும் இலங்கை முழுக்கத் தெரியும். இடம்பெயர்ந்து போய், வேறு பள்ளிக்கூடத்துக் கட்டிடத்தில் மாலை வகுப்பு வைத்து, மைதானமே இல்லாமல் இருந்த காலத்தையும் தாண்டி வந்தது. அதற்கு யாரும் படம் போட்டு அனுப்பவில்லை.

முற்றவெளிக்காரன்:
அக்கா, அனித்தா மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் தலைப்பு 1958.

அம்பனை அக்கா:
தலைப்பு 1958 என்றால் 1816, 1834, 1891, கீரிமலை எல்லாம் எப்படி வந்தது தம்பி? பெண்பிள்ளை பெயர் வந்ததும்தான் தலைப்பு ஞாபகம் வருகிறதா?

சுண்டிக்குளிச் சந்தி:
அக்கா நல்லாக் கேளுங்கள்.

அம்பனை அக்கா:
நீங்களும்தான். “முதல் தங்கம்” “முதல் தங்கம்” என்று நிற்கிறீர்கள், உங்கள் பக்கத்து மதில் பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று ஒரு வரி சொல்லத் தெரியுமா?

கொழும்பு ஆறு:
நான் கேட்ட அரசுப் பள்ளிக்கூட விடயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

முற்றவெளிக்காரன்:
வரும், இருங்கள். எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சந்தி அண்ணை 1958 என்று பாராயணம் செய்துகொண்டு இருப்பதால் 2024க்கு வருவோம். விஜயகாந்த் வியாஸ்காந்த். சென்ற்றல் பெடியன். 2020 லங்கா பிரீமியர் லீக்கில், அதுதான் எல்.பி.எல்லில், ஜப்னா ஸ்ராலியன்ஸுக்கு விளையாடி எடுத்த முதல் விக்கெட்டே அஞ்சலோ மத்யூஸ். 2024ல் ஹசரங்க காயம் என்று விலக, சன்ரைசர்ஸ் ஹைதராபாத் இவனைத்தான் எடுத்தது. ஐ.பி.எல்லில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்து போய்ப் பந்துபோட்ட ஆள். கோட்டைக் காற்று அடிக்கும் அதே மைதானத்தில் லெக் ஸ்பின் பழகியவன். இதுவும் யூ.சி.எல்.ஏ.யா?

1904ல் இருந்து வடக்கின் சமர் நடக்கிறது. எங்கள் இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் மூன்று நாள் கிரிக்கெட் மச், சென்ற்றல் மைதானத்தில்தான் வைப்பார்கள். சென்ஜோன்ஸ் அண்ணைமாரும் அங்கேதான் வந்து பாண்ட் அடித்து ஆடி, வேலியோரம் கச்சான் வாங்கிச் சாப்பிட்டு, வெயில் குடித்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் மைதானம் வேண்டும், விருந்தோம்பல் வேண்டும், ஆனால் எங்களுக்கு வரலாறு மட்டும் இருக்கக் கூடாது.

இனிக் கொழும்பு ஆறு. மிஷன் பள்ளிக்கூடமாக இருந்தால் என்ன, அரசுப் பள்ளிக்கூடமாக மாறினால் என்ன, அது ஒரே பள்ளிக்கூடம். பெயர்ப் பலகையில் வர்ணம் மாறினால் பிள்ளை மாறுமா? இன்றைக்கு அரசுப் பள்ளிக்கூடம், ஆகவே அரசுப் பள்ளிக்கூடத்துத் தங்கம். முடிந்தது.

கொழும்பு ஆறு:
அந்தக் கணக்குப்படி இன்றைக்கு அவர் காலமாகிவிட்டார், ஆகவே காலமானவர் வாங்கிய தங்கம் என்றும் எழுதலாம்.

சுண்டிக்குளிச் சந்தி:
வியாஸ்காந்தைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. எல்.பி.எல். விளையாடும்போது பத்தொன்பது வயது கூட நிரம்பவில்லை, பள்ளிக்கூடத்துச் சூடு ஆறாத பெடியன். அது சென்ற்றல் கணக்கில் எழுதலாம். அப்படி எழுதக்கூடிய ஆளை வைத்துக்கொண்டு ஏன் யூ.சி.எல்.ஏ. ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. 1958. டோக்கியோ. யூ.சி.எல்.ஏ.

முற்றவெளிக்காரன்:
எங்களுக்கு எழுதித் தருவதற்கு நீங்கள் யார்? கணக்கப்பிள்ளையா?

பருத்தித்துறை வடை:
காற்பந்து என்றால் இளவாலை ஹென்றிஸ், எறிதல் என்றால் ஹாட்லி, கோலூன்றிப் பாய்தல் என்றால் மகாஜனா. சென்ற்றலுக்கு என்ன மிச்சம்? உயரம். அதுவும் அமெரிக்க உயரம்.

முற்றவெளிக்காரன்:
வடை, எண்ணெய் கக்காதே. உங்கள் ஹாட்லி எறிதலையும் தெரியும். ஒரு முறை வலய மட்டப் போட்டியில் நான் நேரே நின்று பார்த்தேன், அளவுநாடா பிடித்த ஆள் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர், நாடா தொய்ந்துபோய்க் கிடக்கிறது, பெடியனுக்கு அரை மீற்றர் கூடவோ குறையவோ யாருக்குத் தெரியும். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லமாட்டேன். சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும்.

பருத்தித்துறை வடை:
தொய்ந்த நாடாவால் அளந்தால் தூரம் கூடத்தான் வரும் என்று நினைக்கிறாய். அப்படி என்றால் அந்தப் போட்டியில் எறிந்த எல்லாருக்கும்தானே கூடியது? யார் வென்றான் என்று சொல்லு பார்ப்போம். சொல்லமாட்டாய். ஏனென்றால் வென்றது எங்கள் ஆள்.

முற்றவெளிக்காரன்:
எந்தப் போட்டி என்றே நான் சொல்லவில்லை, அதற்குள் வென்றது உங்கள் ஆளா? குற்றமுள்ள நெஞ்சு.

ஸ்காபரோ மாமா:
நாவலர் விவாதத்தையும் யாரோ இழுத்தார்கள். நாவலர் சென்ற்றலில் படித்து அங்கேயே படிப்பித்தவர், பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் இருந்தவர். அவரையும் படத்தில் போட்டிருக்கலாம்.

சுண்டிக்குளிச் சந்தி:
1848ல் விட்டுவிட்டுப் போய் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினாரே, அந்தப் பாதியையும் சேர்த்துப் போடட்டும். ஒருவர் விட்டுப்போய்ப் பள்ளிக்கூடம் தொடங்கினார், இன்னொருவர் விட்டுப்போய்த் தங்கம் வாங்கினார். விட்டுப்போனவர்கள் எல்லாரும் உங்களுடைய ஆட்கள்.

முற்றவெளிக்காரன்:
விட்டுப்போகிற அளவுக்கு ஆளாக்கி அனுப்புகிறோம் அண்ணை. உங்கள் ஆட்கள் போகாமல் ஓ.பி.ஏ. (பழைய மாணவர் சங்க) விருந்தில் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

மட்டுறுத்துநர்:
தலைப்பில் நில்லுங்கள். தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். நாடா விவகாரத்துக்குத் தனித் திரி திறக்கலாம்.

முற்றவெளிக்காரன்:
மட்டுறுத்துநர் எந்தப் பள்ளிக்கூடம் என்று முதலில் சொல்லட்டும். போன வருடம் என் பதிவு மட்டும் அழிந்தது, சந்தி அண்ணையின் பதிவு இன்றும் இருக்கிறது. பிறகு நடுநிலை.

மற்றவர்களுக்கு: பெடியன் பதினேழு வயதில் ஒலிம்பிக்குக்குப் போனது சென்ற்றல் மாணவனாக. அதற்கு இதுவரை ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. சொல்லவும் ஏலாது.

சுண்டிக்குளிச் சந்தி:
அதை யாரும் மறுக்கவே இல்லை. யாரும் மறுக்காததைத் திரும்பத் திரும்ப நிரூபிக்கிறீர்கள். கேட்டது 1958.

அம்பனை அக்கா:
அனித்தாவின் படத்தை நானே செய்து எல்லாக் குழுவுக்கும் அனுப்பியாயிற்று. உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து.

முற்றவெளிக்காரன்:
பார்த்தேன் அக்கா. அதில் மகாஜனா என்ற எழுத்து அனித்தாவின் பெயரை விடப் பெரிதாக இருக்கிறது. எங்களுக்குத்தான் புத்தி சொன்னீர்கள்.

அம்பனை அக்கா:
அவர் பாய்ந்து முறித்தபோது எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியும். உன்னைப்போல அமெரிக்காவில் தேட வேண்டியதில்லை.

முற்றவெளிக்காரன்:
இப்போது அக்காவும் சென்ஜோன்ஸ் பக்கமா? நன்றாக இருக்கிறது. வடை, நீ ஓடிவிடாதே, அந்தப் போட்டி எந்த வருடம் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? பதில் வரும்வரைக்கும் நான் இங்கேதான் இருக்கிறேன்.

பருத்தித்துறை வடை:
வருடம் நான் சொல்லவே இல்லையே, எங்கே சொன்னேன், மேலே போய் வாசி.